வேலையில்லாத கயிறு இல்லை: பாய்மரக் கப்பல் மாதிரிகள் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கயிறுகளைப் பற்றியவை. கப்பலின் உடலைப் பொறுமையாகக் கட்டி முடித்தவர்கள்கூடப் பாய்மரங்களை நிறுத்தியதும் திகைத்து நின்றுவிடுகிறார்கள் என்பது அவற்றைப் படித்தபோது புரிந்தது. ஒரே பொருள் குறித்து வந்த கேள்விகளை இணைத்தும் சுருக்கியும் இங்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: மரவேலையில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. ‘விக்டரி’ கப்பலின் 1:72 மாதிரிக்கான பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்க எண்ணியிருக்கிறேன். முதல் முயற்சிக்கு அது பொருந்துமா?

பதில்: வாங்கலாம், ஆனால் முதலில் அதைக் கட்ட வேண்டாம். 1765-இல் நீரில் இறக்கப்பட்டு, 1805-இல் டிரஃபால்கர் போரில் 104 பீரங்கிகளுடன் கலந்துகொண்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல் அது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைச் சேர்க்காமலே அதன் நீளம் சுமார் 69 மீட்டர் என்பதால், நீங்கள் சொல்லும் அளவில் மாதிரியின் உடல் ஏறத்தாழ 96 சென்டிமீட்டர் நீளம் வரும். வீட்டில் இடமிருந்தால் இந்த நீளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டிய கணக்கு வேறு. உண்மைக் கப்பலில் சுமார் 42 கிலோமீட்டர் கயிறு இருந்ததாகச் சொல்வார்கள். அதை 72-ஆல் வகுத்தால் 580 மீட்டருக்கு மேல் வருகிறது. மாதிரியில் அதில் பாதியை விட்டுவிட்டாலும், மீதிப் பாதியை முடிச்சு முடிச்சாகக் கட்டப்போவது நீங்கள்தான். பீரங்கிகளும் அப்படியே: ஒரு பீரங்கி வண்டியைச் செய்வது இன்பமான வேலை, பத்தாவதைச் செய்வது பழக்கம், ஐம்பதாவதைச் செய்வது தண்டனை.

ஒற்றைப் பாய்மரம் கொண்ட ‘கட்டர்’ அல்லது இரட்டைப் பாய்மரம் கொண்ட ‘ஸ்கூனர்’ வகையில் தொடங்குங்கள். பாய்மரத்தை நிலைநிறுத்தும் கயிறுகள், பாயை ஏற்றும் கயிறு, பாயின் மூலையைக் கட்டுப்படுத்தும் கயிறு என அடிப்படைகள் அத்தனையும் அதில் உண்டு, எண்ணிக்கைதான் குறைவு. பெரிய கப்பல்கள் சுமந்து சென்ற திறந்த படகு ஒன்றைச் செய்வதும் நல்ல பயிற்சி. அதில் பலகை வேலை உள்ளும் புறமும் கண்ணுக்குத் தெரியும் என்பதால் எதையும் மறைக்க முடியாது. நான் மூன்று பாய்மரக் கப்பலில் தொடங்கினேன். அது இன்றுவரை பாய்மரம் இல்லாமல்தான் இருக்கிறது.

கேள்வி: உடலுக்குப் பலகை ஒட்டும்போது அணியப் பகுதியில், அதாவது கப்பலின் முன்முனையில், பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. வெந்நீரில் ஊறவைத்தும், சூடுகாட்டி வளைத்தும் பயனில்லை. பலகையின் தரம் குறைவா?

பதில்: பலகையில் குற்றமில்லை, அதன் அகலத்தில்தான் குற்றம். கப்பலின் நடுப்பகுதியில், மேல்விளிம்பிலிருந்து ஏரா எனப்படும் அடிமரம் வரை ஒரு காகிதப் பட்டையை உடலோடு ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். அது 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் அகலப் பலகைகள் 20 அங்கே இடம் பிடிக்கும். அதே பட்டையை அணியத்தில் வைத்து அளந்தால் 60 மில்லிமீட்டர்தான் இருக்கக்கூடும். அந்த 20 பலகைகளும் அங்கும் வந்து சேர வேண்டுமானால் ஒவ்வொன்றும் முனையில் 3 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். நீங்கள் குறுக்காமல் விட்டதால், இடம் கிடைக்காத பலகை மேலே ஏறுகிறது. எவ்வளவு ஊறவைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒவ்வொரு வங்கின் மேலும், அதாவது விலாச்சட்டத்தின் மேலும், இப்படி அளந்து சம பங்காகப் பிரித்துப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே முதல் பலகையைக் கையில் எடுங்கள். கப்பலின் பின்புறத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இடம் மிஞ்சும். அங்கே ஆப்பு வடிவத் துண்டுப்பலகை ஒன்றைச் செருகுவது பழைய கப்பல் தச்சர்கள் கையாண்ட வழியேயாகும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். விலாச்சட்டங்களின் விளிம்புகளை, பலகை முழு அகலத்திலும் படியும்படி சாய்வாக இழைத்தீர்களா? மெல்லிய சட்டம் ஒன்றை அவற்றின் மேல் நீளவாக்கில் வளைத்துப் பார்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது உடனே தெரியும். பலர் அவசரத்தில் தவிர்த்துவிடும் வேலை இதுதான். இரண்டாவது அடுக்குப் பலகை முதல் அடுக்கின் இடைவெளிகளை மறைக்குமே தவிர வடிவத்தின் கோணலை மறைக்காது. ஏராவை ஒட்டிய முதல் பலகையை அணியத்தில் மேல்நோக்கி வளரவிடாதீர்கள். அது பிடித்துக்கொள்ளும் இடத்தைப் பிறகு அத்தனை பலகைகளும் இழக்கும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டுங்கள்; ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் ஏரா முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: உண்மைக் கப்பல் ஓக் மரத்தில் கட்டப்பட்டது. மாதிரியையும் ஓக்கில் செய்தால் அதிக உண்மையாக இருக்காதா?

பதில்: இருக்காது. ஓக்கின் துளைகளும் நரம்புகளும் மாதிரிக்காகச் சுருங்குவதில்லை. 1:72 அளவில் அவை விரல் நுழையும் வெடிப்புகளைப் போலத் தோன்றும். பேரி மரம், பாக்ஸ்வுட், செர்ரி போன்ற நுண்ணிய இழை கொண்டவையே பொருந்தும்.

கேள்வி: பெட்டியில் வந்த நூல்கள் கனமாகத் தோன்றுகின்றன. எந்தக் கயிற்றுக்கு எந்தத் தடிமன் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. பெட்டியில் வரும் நூல் மூன்று நான்கு தடிமன்களில் மட்டும் இருக்கும். உண்மைக் கப்பலிலோ டஜன் கணக்கான அளவுகள் இருந்தன. பழைய ஆங்கிலேயக் கப்பற்படை ஆவணங்களைப் பார்த்து அளவெடுக்கும் பலர் தவறுவது ஓரிடத்தில்: அவற்றில் கயிற்றின் அளவு சுற்றளவாகவே தரப்படும், விட்டமாக அன்று. ‘18 அங்குலக் கயிறு’ என்றால் சுற்றளவு 18 அங்குலம். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 145 மில்லிமீட்டர். 1:72 அளவில் 2 மில்லிமீட்டர். சுற்றளவை விட்டமாக எடுத்துக்கொண்டவர் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள வடத்தைக் கட்டிவிட்டு, கப்பல் ஏன் பொதிமூட்டை போலத் தெரிகிறது என்று வியந்துகொண்டிருப்பார். மறுமுனையில், 3 அங்குலக் கயிறு 1:72 அளவில் 0.34 மில்லிமீட்டராகவும் 1:96 அளவில் 0.25 மில்லிமீட்டராகவும் வரும்.

ஆவணம் கையில் இல்லாதபோது உதவும் பழைய விகிதம் ஒன்று உண்டு. ஆங்கிலேயப் போர்க்கப்பல்களில், நடுப் பாய்மரத்தை முன்னோக்கிப் பிடிக்கும் பெரிய ‘ஸ்டே’ கயிற்றின் சுற்றளவு, அந்தப் பாய்மரத்தின் விட்டத்தில் சுமார் பாதி. 36 அங்குல விட்டமுள்ள பாய்மரத்துக்கு 18 அங்குலக் கயிறு. கப்பலில் நங்கூர வடத்தை விட்டால் மிகத் தடித்த கயிறுகளுள் ஒன்று இதுவே. மற்றவற்றை அதிலிருந்து படிப்படியாக மெலிதாக்கிக்கொண்டு வரலாம். மேலே போகப் போகக் கயிறு மெலிய வேண்டும் என்பதை மறவாதீர்கள். கீழ்ப் பாய்மரத்துக்கும் உச்சிப் பாய்மரத்துக்கும் ஒரே நூலைக் கட்டிய மாதிரியை அறையின் மறுகோடியிலிருந்தே அடையாளம் காணலாம்.

நூலின் தடிமனை அளக்கக் கருவி வேண்டாம். ஒரு பென்சிலின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி, 1 சென்டிமீட்டரில் எத்தனை சுற்று அமைகிறது என்று எண்ணுங்கள். 20 சுற்று என்றால் 0.5 மில்லிமீட்டர்.

சொந்தமாகக் கயிறு திரிக்க விரும்புவோர் முறுக்கின் திசையையும் கவனிக்க வேண்டும். கப்பலின் வழக்கமான கயிறு முப்புரி. செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் புரிகள் கீழ் இடப்புறத்திலிருந்து மேல் வலப்புறம் நோக்கி ஏறும். இதை வலப்புரி என்று சொல்லிக்கொள்வோம். அப்படிப்பட்ட மூன்று கயிறுகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கியதே நங்கூர வடம். ஆகவே அது இடப்புரி. கடைகளில் கிடைக்கும் தையல் நூல்களில் பெரும்பாலானவை வலப்புரியாகவே முடிக்கப்பட்டிருப்பதால், மூன்று தனி நூல்களை நேரடியாகச் சேர்த்துத் திரித்தால் கிடைப்பது இடப்புரிக் கயிறு. நூல்களை இரண்டிரண்டாக இடமாக முறுக்கிப் புரியாக்கி, அந்தப் புரிகள் மூன்றை வலமாக முறுக்கினால் சரியான கயிறு கிடைக்கும். பாலியெஸ்டர் நூலையே நான் விரும்புகிறேன். பருத்தியில் பஞ்சு நீட்டிக்கொண்டிருக்கும். மேலும் காற்றின் ஈரத்துக்கேற்ப அது இறுகியும் தளர்ந்தும் பாய்மரங்களை அலைக்கழிக்கும்.

கேள்வி: வலப்பக்க ‘ஷ்ரவுட்’ கயிறுகளை விறைப்பாகக் கட்டினேன். இடப்பக்கம் கட்டியதும் வலப்பக்கம் தளர்ந்துவிட்டது. மீண்டும் இறுக்கினால் பாய்மரம் சாய்கிறது. முன்பக்க ஸ்டேயைக் கட்டியபின் எல்லாமே குழம்பிவிட்டது. என்ன செய்வது?

பதில்: இம்முறை வந்த கடிதங்களில் ஏழெட்டுப் பேர் இதையே கேட்டிருக்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கயிறும் எதற்காக இருக்கிறது என்று கேட்டால் கட்டும் வரிசை தானாகவே வந்துவிடும். பாய்மரத்தைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்புறமாகவும் பிடித்திருப்பவை ஷ்ரவுட்கள். முன்னோக்கிப் பிடித்திருப்பது ஸ்டே. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்போதுதான் மரம் அசையாமல் நிற்கிறது. ஆகவே எந்த ஒன்றையும் தனியாக இறுக்கி முடித்துவிட முடியாது.

முதலில் அணியத்திலிருந்து முன்னோக்கி நீளும் ‘பௌஸ்பிரிட்’ மரத்தைப் பாருங்கள். முன் பாய்மரத்தின் ஸ்டேகள் அதில்தான் வந்து பிடிக்கின்றன. அதை உடலோடு சுற்றிக் கட்டாமலும், கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப் பொருத்தாமலும் விட்டுவிட்டு முன் ஸ்டேயை இறுக்கினால் அது மேல்நோக்கி வளையும். எனவே வேலை அங்கிருந்து தொடங்குகிறது. அடுத்து ஷ்ரவுட்கள். அவை தனித்தனிக் கயிறுகள் அல்ல. ஒரே கயிற்றை மடித்து, மடிப்பைப் பாய்மரத் தலையில் மாட்டி, இரு கால்களையும் ஒரே பக்கத்தில் இறக்குவார்கள். ஆங்கிலேய வழக்கப்படி முதல் இணை வலப்பக்க முன்புறம், இரண்டாவது இடப்பக்க முன்புறம், மூன்றாவது மறுபடி வலப்பக்கம் என மாறி மாறி ஏறும். ஸ்டேயின் கண்ணி ஷ்ரவுட்கள் அனைத்துக்கும் மேலே வந்து அமரும். நீங்கள் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்தபோதே இந்த வரிசை குலைந்துவிட்டது.

ஷ்ரவுட்டின் அடிமுனையில் ‘டெட்-ஐ’ எனப்படும் மூன்று துளை வட்டுகள் இரண்டிரண்டாக இருக்கும். அவற்றிடையே ஓடும் சிறுகயிறுதான் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. மெல்லிய கம்பியை வளைத்து இருமுனைக் கொக்கி ஒன்று செய்து, மேல் வட்டையும் கீழ் வட்டையும் அதில் மாட்டி, இடைவெளியை எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைத்துக்கொண்டு மேல் வட்டைக் கட்டுங்கள். சிறுகயிறுகளைக் கோத்து, முனைகளை முடிச்சிடாமல் தற்காலிகமாகச் சுற்றி மட்டும் வையுங்கள். எல்லா ஷ்ரவுட்களும் ஸ்டேயும் ஏறிய பிறகு, ஒரு சுற்று வலப்பக்கம், ஒரு சுற்று இடப்பக்கம், ஒரு சுற்று முன்புறம் எனச் சிறிது சிறிதாக இறுக்கி, மரம் நேராக நிற்கும்போது நிறுத்துங்கள். கயிறு நேர்கோடாகத் தெரிந்தால் போதும். மீட்டினால் ஒலி வர வேண்டியதில்லை. உச்சியிலுள்ள மெல்லிய ஸ்டே ஒன்றை ஆர்வத்தில் இறுக்கியதால் கீழே பத்துக் கயிறுகள் தளர்ந்த மாதிரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதன் பிறகே ஏணிப்படி போன்ற ‘ராட்லைன்’ கயிறுகள். மாலுமி ஏறுவதற்கானவை என்பதால் அவற்றின் இடைவெளி 13 முதல் 15 அங்குலம். 1:72 அளவில் சுமார் 5 மில்லிமீட்டர். ஒரு தாளில் கோடுகள் வரைந்து ஷ்ரவுட்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சும் வெளி ஷ்ரவுட்டைச் சற்றே உள்ளே இழுக்கும். நூறாவது முடிச்சின்போது மொத்தமும் உடுக்கையின் இடைபோல ஒடுங்கியிருக்கும். மெல்லிய குச்சி இரண்டை ஷ்ரவுட்களின் குறுக்கே தற்காலிகமாகக் கட்டி வைத்தால் இதைத் தடுக்கலாம்.

கேள்வி: முடிச்சுகளில் சூப்பர் குளூ இட்டேன். வெண்படலம் படிகிறது, நூலும் உடைகிறது.

பதில்: அந்தப் பசை நூலைக் கம்பியாக்கிவிடும், கம்பி வளையாது, ஒடியும். நீர் கலந்த வெள்ளைப் பசையை ஊசிமுனையால் தொட்டு வையுங்கள். ஈரம் காய்வதற்குள் முடிச்சைத் திருத்தவும் முடியும். தவறினால் நீர் தொட்டுப் பிரிக்கவும் முடியும்.

கேள்வி: பாய்கள் இல்லாமல் காட்சிப்படுத்த முடிவு செய்திருக்கிறேன். அப்போது பருமல்களில் ஏதேனும் மாற்றம் வேண்டுமா?

பதில்: வேண்டும். இதைக் கேட்கத் தோன்றியதற்கே உங்களைப் பாராட்டுகிறேன். பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமல் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மிகக் கீழேயுள்ள பெரிய பருமல் பொதுவாகத் தன் இடத்திலேயே தொங்கும். அதற்கு மேலுள்ளவை பாயை விரிக்கும்போதுதான் கயிற்றால் மேலே ஏற்றப்படும். பாயைச் சுருட்டிவிட்டாலோ கழற்றிவிட்டாலோ அவை இறக்கி வைக்கப்படும். பெட்டிகளின் வரைபடங்கள் அழகுக்காக அத்தனை பருமல்களையும் உச்சிக்கு ஏற்றி, பாயை மட்டும் விட்டுவிடுகின்றன. வெறும் மரத்தை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றி வைக்க எந்த மாலுமிக்கும் காரணம் இருந்திருக்காது. பருமல்களை இறக்கி வைத்தால் அவற்றை ஏற்றும் கயிறுகள் சற்றுத் தொய்ந்து தெரிய வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

நிலையான கயிறுகள் தார் பூசப்பட்டவை. ஆகவே அடர் பழுப்பிலிருந்து கருமை வரை இருக்கலாம். இழுத்து இயக்கும் கயிறுகள் சணலின் இயல்பான மங்கிய நிறத்தில் இருக்கும். எல்லாவற்றையும் கருப்பாக்குவதும் தவறு, எல்லாவற்றையும் வெளிர் மஞ்சளாக்குவதும் தவறு. இன்னொரு வசதியும் சொல்கிறேன்: கப்பிகளைப் பருமலில் கட்டும் வேலையையெல்லாம் மேசையிலேயே முடித்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். கயிற்றுக் காட்டுக்குள் இடுக்கியை நுழைத்துக் கப்பி கட்டுவது கண்ணுக்கும் மனத்துக்கும் கேடு.

கேள்வி: கொலம்பஸின் ‘சாந்தா மரியா’ மாதிரிக்கு அடியில் செப்புத் தகடு ஒட்டலாமா? விக்டரியில் பார்த்தபோது அழகாக இருந்தது.

பதில்: அழகாக இருக்கும், ஆனால் 1492-இல் அட்லாண்டிக்கைக் கடந்த கப்பலுக்கு அது ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முந்திப் போகும். ஆங்கிலேயக் கப்பற்படை ‘அலார்ம்’ என்ற ஃப்ரிகேட் கப்பலில் செப்புத் தகட்டைச் சோதித்தது 1761-இல்தான். மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அடங்கியது. ஆனால் செம்போடு தொடர்பிலிருந்த இரும்பு ஆணிகள் கடல்நீரில் அரித்துப்போயின. அந்தச் சிக்கலுக்கு வழி தேடிக்கொண்டே 1779 முதல் கப்பற்படை முழுவதற்கும் செப்புத் தகடு போடத் தொடங்கினார்கள். விக்டரிக்குச் செம்பு போர்த்தப்பட்டது 1780-இல். ஆகவே 1765-இன் தோற்றத்தில் அதைக் கட்டுபவர்கூடச் செம்பை விட்டுவிட வேண்டும். அதற்கு முந்தைய காலத்தில் கப்பலின் அடியில் பிசினும் எண்ணெயும் கந்தகமும் கலந்த வெண்ணிறப் பூச்சையோ, தாரும் கீலும் கலந்த கரும்பூச்சையோ பூசினார்கள்.

செம்பு போடுவதே சரியான கப்பலானால், தகட்டின் அளவு 4 அடிக்கு 14 அங்குலம்; 1:72 அளவில் சுமார் 17-க்கு 5 மில்லிமீட்டர். பெட்டியில் வரும் தகடுகளில் ஆணித்தலைகள் கொப்புளங்கள் போலப் புடைத்திருக்கும். 1 மில்லிமீட்டர் அகலமுள்ள கொப்புளம் உண்மைக் கப்பலில் 72 மில்லிமீட்டர் அகல ஆணித்தலைக்குச் சமம். வழவழப்பான தகட்டையே தேர்ந்தெடுங்கள்.

சாந்தா மரியாவுக்கு வரைபடம் எதுவும் எஞ்சவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தையிலுள்ள மாதிரிகள் அனைத்தும் ஊகத்தில் எழுந்தவை. எனவே உங்களுக்கு நிறையச் சுதந்திரம் உண்டு. ஆனால் சுக்கானைத் திருப்பும் சக்கரத்தை மட்டும் மேல்தளத்தில் வைத்துவிடாதீர்கள். அது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. 1628-இல் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961-இல் மேலே எடுக்கப்பட்ட ‘வாசா’ கப்பலில்கூடச் சக்கரம் இல்லை. நிமிர்ந்து நிற்கும் நெம்புகோல் ஒன்றால்தான் சுக்கானின் கையைத் தள்ளினார்கள்.

கேள்வி: என் தாத்தா கட்டிய மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் பல ஆண்டுகளாக மூடியே இருந்தது. இப்போது பீரங்கிகளின் மேலும் நங்கூரத்தின் மேலும் வெண்பொடி பூத்திருக்கிறது. பூஞ்சையா? துடைத்துவிடலாமா?

பதில்: உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், ஊதவும் வேண்டாம். அது பூஞ்சை அன்று, பெரும்பாலும் ஈயத்தின் அரிப்பு. பழைய மாதிரிகளின் பீரங்கிகளும் நங்கூரங்களும் ஈயம் கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்டவை. மரப்பெட்டியிலிருந்தும், குறிப்பாக ஓக்கிலிருந்தும், ஒட்டுப்பலகையின் பசையிலிருந்தும் அமில ஆவி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அந்த ஆவி தேங்கி, ஈயத்தை வெண்பொடியாக மாற்றிவிடுகிறது. மாதிரியைத் தூசியிலிருந்து காப்பதற்காக இறுக மூடியதுதான் இங்கே கேடாகிவிட்டது. பொடி நச்சுத்தன்மை கொண்டது. கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பெட்டியின் அடிப்பகுதியில் சில துளைகள் இட்டு, தூசி நுழையாதபடி மெல்லிய துணியால் மூடுங்கள். நேரடி வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். அரித்த பாகம் மீளாது. பித்தளையிலோ மரத்திலோ செய்த பாகங்களை அவ்விடத்தில் பொருத்தலாம். மாதிரி மிகப் பழையதாகவோ நுட்பமானதாகவோ இருந்தால் அந்த வேலையை அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள். மற்ற இடங்களின் அழுக்கை மென்தூரிகையால் தட்டலாம். வண்ணப்பூச்சின் மேல் படிந்த பிடிவாதமான அழுக்குக்குப் பாதுகாப்பு வல்லுநர்களே பயன்படுத்தும் ஒரு பொருள் உமிழ்நீர்; அதிலுள்ள நொதிகள் அழுக்கைத் தளர்த்தும். பஞ்சுக்குச்சியில் தொட்டு மெல்ல உருட்டி எடுப்பார்கள். ஈயப் பொடி படிந்த இடத்துக்கு மட்டும் இது கூடவே கூடாது. ஒருமுறை தொட்ட பஞ்சை வாயருகே மீண்டும் கொண்டுபோகவும் கூடாது. கயிறுகளைப் பொறுத்தவரை, தளர்ந்திருப்பதைக் கண்டு இழுத்து இறுக்க முயலாதீர்கள். பல பத்தாண்டுகள் கடந்த நூல் வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே இற்றிருக்கும். ஒன்று அறுந்தால் அது தாங்கியிருந்த மரமும், அந்த மரம் தாங்கியிருந்த மற்றக் கயிறுகளும் சேர்ந்து இறங்கும். எதைத் தொடுவதற்கு முன்பும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்து, எந்தக் கயிறு எந்த முளையில் முடிகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.